சொந்தமாகக் கட்டிய லினக்ஸ் கெர்னல் கவிழ்ந்தால் எங்கே தொடங்குவது

நாமே கம்பைல் செய்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பூட் ஆகாமல் நின்றாலோ, பூட் ஆகி அரை மணி நேரத்தில் உறைந்துபோனாலோ, பெரும்பாலோர் முதலில் செய்வது, கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கைத் திறப்பது. சந்தேகப்பட்ட நாலைந்து ஆப்ஷன்களை மாற்றி, மறுபடி கம்பைலுக்குப் போட்டு, காத்திருந்து பூட் செய்தால் இன்னோர் இடத்தில் கவிழும். இரண்டு நாள் இப்படியே போய்விடும். அந்தத் தேர்வுகளின் கோப்பான கான்ஃபிக்கைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்தக் கட்டத்தில் விழுந்தது? விழும்போது முதலில் எழுதிய வரி எது? இவை கையில் இருந்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

இங்கே சொல்வது 64 பிட் எக்ஸ்86 கணினியில், கெர்னல்.ஆர்க் தளத்து மூலத்தை எடுத்துக் கட்டுபவர்களுக்கானது. ஏஆர்எம் போர்டுகளில் டிவைஸ் ட்ரீ என்று தனி விவகாரம் உண்டு, அதற்குள் போகவில்லை.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கெர்னல் கவிழ்வதற்குக் கெர்னல் கோடில் உள்ள பிழை காரணமாக இருப்பது குறைவு. கெர்னல் இமேஜ், மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் தனிக் கோப்புகள்), இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க் கிடைக்கும்வரை பூட்டுக்கு உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) ஆகிய மூன்றும் ஒரே கட்டுமானத்தில் பிறந்தவையாக இல்லாததுதான் அடிக்கடி வரும் காரணம்.

பெயர் வைப்பதிலேயே பாதி வேலை

பழைய கெர்னலை அழிக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிய கெர்னலுக்குத் தனிப்பெயர் வைக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜெனரல் செட்டப் பகுதியில் முதலிலேயே 'லோக்கல் வெர்ஷன்' என்றோர் ஆப்ஷன் இருக்கிறது. அதில் '-சோதனை1', '-சோதனை2' என்பதுபோல் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் வேறு பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

ஏன் இது முக்கியம்? மாட்யூல்கள் போய் உட்காரும் டைரக்டரியின் பெயர், யூநேம் கட்டளை காட்டும் பதிப்புப் பெயர்தான். பெயர் மாறாமல் கான்ஃபிக்கை மட்டும் மாற்றிக் கட்டினால், புதிய மாட்யூல்கள் பழைய டைரக்டரிமேலேயே வந்து விழும். இப்போது அந்தப் பெயரில் இருக்கும் பழைய கெர்னலும் புதிய மாட்யூல்களையே எடுக்கும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க மறந்திருந்தால் அதற்குள் பழைய மாட்யூல்கள், டிஸ்க்கில் புதியவை என்று இரண்டும் கலந்து கிடக்கும்.

கலந்தால் லோட் ஆகாமல் மறுத்துவிடாதா என்று கேட்கலாம். எப்போதும் மறுக்காது. ஒவ்வொரு மாட்யூலிலும் வெர்மேஜிக் என்ற அடையாளச் சரம் இருக்கிறது. கெர்னல் பதிப்பு, எஸ்எம்பி, பிரீஎம்ப்ட், மாட்யூல் அன்லோட், மாட்வெர்ஷன்ஸ் என்று சில விஷயங்களை மட்டுமே அது சொல்லும். டீபக் ஸ்பின்லாக், லாக்டெப் போன்ற ஆப்ஷன்களை ஆன் செய்தால் கெர்னலுக்குள் உள்ள ஸ்ட்ரக்ட்களின் அளவே மாறிவிடுகிறது. ஆனால் வெர்மேஜிக் அப்படியே இருக்கிறது. பழைய அளவை நம்பிக் கட்டிய மாட்யூல் புதிய கெர்னலில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்து, தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதும். கவிழ்வது அங்கே அல்ல, சம்பந்தமே இல்லாத ஃபைல் சிஸ்டத்திலோ நெட்வொர்க்கிலோ. வாரக்கணக்கில் தேடினாலும் ஆப்ஸ் (கெர்னல் தவறும்போது எழுதும் பிழை அறிக்கை) செய்தியிலிருந்து இதைப் பிடிக்க முடியாது. ஆகவே மாட்வெர்ஷன்ஸை ஆன் செய்து வையுங்கள். அப்போது ஒவ்வொரு சிம்பலுக்கும் ஒரு செக்சம் ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் 'டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்' என்று மறுத்துவிடும். அந்த மறுப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். அது வராமல் ஏறுவதுதான் ஆபத்து.

கிரப்புக்கும் முதல் வரிக்கும் நடுவில்

கெர்னலை ஏற்றும் பூட்லோடரான கிரப்பிலேயே நின்றால் காரணங்கள் குறைவு. 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்றால் செக்யூர் பூட் ஆன், உங்கள் கெர்னலில் கையெழுத்து இல்லை. 'அவுட் ஆஃப் மெமரி' என்று கிரப் சொன்னால் இனிட்ராம்எஃப்எஸ் மிகப் பெரிதாகிவிட்டது என்று சந்தேகியுங்கள். டீபக் தகவலோடு கட்டிய மாட்யூல்களை அப்படியே இன்ஸ்டால் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் பல நூறு எம்பிக்கு ஊதிவிடும். மாட்யூல் இன்ஸ்டால் செய்யும்போது 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்' மாறியை 1 என்று கொடுத்தால் டீபக் பகுதி உரிக்கப்படும். பூட் பார்ட்டிஷன் நிரம்பி, இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் வெட்டுப்பட்டு எழுதப்படுவதும் நடக்கும். கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் அளவையும் பாருங்கள்.

கறுப்புத் திரை வேறு கதை. கறுப்புத் திரை என்றால் கிராஷ் என்று முடிவு கட்டக் கூடாது. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் போட்டுப் பாருங்கள். உள்ளே போக முடிந்தால் கெர்னல் நலமாக இருக்கிறது, காட்டத்தான் வழியில்லை. பிஎஸ்/2 கீபோர்டாகவோ லேப்டாப்பின் உள் கீபோர்டு அந்த வகையாகவோ இருந்தால், பேனிக் ஆனதும் (கெர்னல் மீள முடியாமல் நின்றதும்) கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். யூஎஸ்பி கீபோர்டில் அந்த அடையாளம் கிடையாது. கிரப்பில் 'இ' அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் 'குவையட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'இக்னோர் லாக்லெவல்' சேர்த்து, 'ஏர்லிகான்' மதிப்பாக 'ஈஎஃப்ஐஎஃப்பி' கொடுங்கள். யூஇஎஃப்ஐ திரையிலேயே மிக ஆரம்ப வரிகள் ஓடும்.

காட்டாமல் போவதற்கு அடிக்கடி வரும் காரணம் ஃபர்ம்வேர். ஏஎம்டிஜிபியு போன்ற கிராஃபிக்ஸ் டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினால், ரூட் ஃபைல் சிஸ்டம் (கணினியின் கோப்புகள் இருக்கும் முதன்மைப் பகுதி) மவுண்ட் ஆவதற்கு முன்பே அது எழுந்து ஃபர்ம்வேரைத் தேடும். அப்போது கோப்புகளே இல்லை. 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ... ஃபெயில்ட் வித் எரர் -2' என்று லாகில் விழும். -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். டிரைவரை மாட்யூலாக்குவது சுலபமான தீர்வு. மாட்யூலாக்க விருப்பமில்லையென்றால் 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்' ஆப்ஷனில் தேவையான கோப்புப் பெயர்களை எழுதி கெர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வேகமாகப் பூட் ஆகட்டும் என்று எல்லாவற்றையும் உள்ளே சேர்க்கும் லோக்கல்யெஸ்கான்ஃபிக்கைப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வைஃபை டிரைவருக்கும் இதே கதி.

ரூட் கிடைக்கவில்லை

சொந்தக் கெர்னலில் எல்லோரும் ஒருமுறையாவது பார்ப்பது: 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)'. இதை ஒரே பிழையாக நினைக்காதீர்கள். இந்த வரிக்குக் கொஞ்சம் மேலே கெர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டிருக்கும். விடை அங்கே இருக்கிறது.

பட்டியலே காலி என்றால் டிஸ்க் டிரைவர் இல்லை. சாட்டா டிஸ்க்குக்கு ஏஎச்சிஐ மட்டும் போதாது, 'ஸ்கஸி டிஸ்க் சப்போர்ட்' கூடவே வேண்டும். பெயரைப் பார்த்து 'என்னிடம் ஸ்கஸி இல்லையே' என்று அதை அணைத்துவிடுகிறார்கள். லினக்ஸில் சாட்டா டிஸ்க்கும் யூஎஸ்பி டிஸ்க்கும் அந்த வழியாகத்தான் எஸ்டிஏ, எஸ்டிபி ஆகின்றன. என்விஎம்இ இருந்தும் டிஸ்க் தெரியவில்லையென்றால் பயாஸில் இன்டெல் விஎம்டி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் டிஸ்க் அந்த விஎம்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். விஎம்டி டிரைவர் இல்லாமல் என்விஎம்இ டிரைவர் மட்டும் இருந்து பயனில்லை. விர்ச்சுவல் மெஷினில் விர்ட்ஐஓ பிசிஐ, விர்ட்ஐஓ பிளாக் இரண்டும் சேர்ந்து வேண்டும்.

பட்டியலில் பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனாலும் (0,0) என்றால் ரூட் அளவுருவைப் பாருங்கள். 'ரூட்=யூயூஐடி' என்ற எழுத்துமுறை கெர்னலுக்குப் புரியாது; அதைப் புரிந்துகொள்வது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்ய நினைத்தால் 'பார்ட்யூயூஐடி' கொடுங்கள், அது கெர்னலுக்கு நேரடியாகத் தெரியும். யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் 'ரூட்வெயிட்' சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த டிஸ்க் எழுந்து வரச் சில நொடிகள் ஆகும்.

எண் (8,2) என்பதுபோல் வந்தால் நல்ல செய்தி. 8 என்பது ஸ்கஸி வகை டிஸ்க்கின் மேஜர் எண். என்விஎம்இ பார்ட்டிஷனுக்கு 259 வரும். டிஸ்க் கிடைத்துவிட்டது, ஃபைல் சிஸ்டம்தான் தெரியவில்லை. 'நோ ஃபைல்சிஸ்டம் குட் மவுண்ட் ரூட், ட்ரைட்:' என்று அது முயன்றுபார்த்த பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்களுடையது பிடிஆர்எஃப்எஸ்ஸோ எக்ஸ்எஃப்எஸ்ஸோ என்றால் அந்த வரிசையில் அது இருக்காது.

இனிட்ராம்எஃப்எஸ் இருந்தும் (0,0) வருகிறதா? இன்னும் மேலே போய் 'இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்ட்' என்ற வரி இருக்கிறதா தேடுங்கள். உங்கள் லினக்ஸ் விநியோகமான டிஸ்ட்ரோவின் கருவி அதை இசட்ஸ்டாண்டர்டில் சுருக்கியிருக்கும். உங்கள் கான்ஃபிக்கில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கான இசட்ஸ்டாண்டர்ட் ஆதரவு அணைந்திருக்கும். மூட்டை வந்திருக்கிறது, அவிழ்க்கத் தெரியவில்லை. ஜெனரல் செட்டப்பில் இனிட்ராம்எஃப்எஸ் ஆப்ஷனுக்குக் கீழேயே சுருக்க முறைகளின் வரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் ஆன் செய்துவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இந்தக் குறைகள் பலவற்றுக்கு மூலம் லோக்கல்மாட்கான்ஃபிக். அருமையான கருவி, கம்பைல் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது பார்ப்பது அந்த நொடியில் எல்எஸ்மாட் காட்டும் மாட்யூல்களை மட்டும். அன்று செருகாத பென்டிரைவ், இணைக்காத விபிஎன், ஆன் செய்யாத புளூடூத், மவுண்ட் செய்யாத ஃபைல் சிஸ்டம் எதுவும் புதிய கெர்னலில் இருக்காது. போடுவதற்கு முன் உங்களிடம் உள்ளதையெல்லாம் செருகி, ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். கொஞ்ச நாள் எல்எஸ்மாட் வெளியீட்டைச் சேர்த்துவைத்து, அந்தக் கோப்பை 'எல்எஸ்மாட்' மாறியில் கொடுப்பது இன்னும் நல்லது.

பூட் முழுக்க நன்றாகப் போய், கடைசியில் எமர்ஜென்சி மோடில் விழுந்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பாருங்கள். அது விஃபேட். மவுண்ட் ஆக விஃபேட் டிரைவரோடு கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ 8859-1 என்ற எழுத்துத் தொகுப்பு மாட்யூல்களும் வேண்டும். 'நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட்' பகுதியில் வேண்டாத மொழிகள் என்று அழித்தவற்றுள் இவையும் போயிருக்கும்.

இனிட் செத்தால்

கெர்னல் முதலில் தொடங்கும் ப்ராசஸ்தான் இனிட்; அது செத்தால் வரும் 'அட்டெம்ப்ட்டட் டு கில் இனிட்!' என்ற பேனிக்கில் எக்சிட்கோட் என்று ஓர் எண் வரும். அதைப் படிக்காமல் விடாதீர்கள். கடைசி இரண்டு ஹெக்ஸ் இலக்கம் சிக்னல் எண், அதற்கு முந்தைய இரண்டு வெளியேறிய குறியீடு. கடைசியில் 0பி என்றால் சிக்னல் 11, அதாவது செக்மெண்டேஷன் ஃபால்ட். 100 என்று முடிந்தால் இனிட் தானாகவே 1 சொல்லி வெளியேறியது. 7எஃப்00 என்றால் 127. டைனமிக் லோடருக்கு ஏதோ ஒரு ஷேர்ட் லைப்ரரி கிடைக்கவில்லை. அங்கே கெர்னலை நோண்டுவது வீண், ரூட்டில் உள்ள கோப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

இனிட்டாகச் சிஸ்டம்டி உள்ள கணினியில் செய்தியே இல்லாமல் தொங்கினால் சிகுரூப்ஸ், டெவ்டிஎம்ப்எஃப்எஸ், டிஎம்ப்எஃப்எஸ், ஐநோட்டிஃபை, சிக்னல்எஃப்டி, டைமர்எஃப்டி, ஈபோல், எஃப்ஹேண்டில், யுனிக்ஸ் சாக்கெட் ஆகியவை இருக்கின்றனவா பாருங்கள். சிஸ்டம்டி மூலத்தோடு வரும் ரீட்மீ கோப்பில் முழுப் பட்டியல் இருக்கிறது.

ஆப்ஸைப் படிப்பது

பூட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும்போது கவிழ்ந்தால் ஆப்ஸ் என்ற நீண்ட செய்தி கிடைக்கும். எல்லோரும் திரையில் கடைசியாக நிற்பதைப் படம் பிடிக்கிறார்கள். வேண்டியது முதலாவது. ஆப்ஸ் வரியில் சதுர அடைப்புக்குள் #1 என்று இருக்க வேண்டும். #2, #3 என்றால் ஏற்கெனவே அடிபட்ட கெர்னல் மேலும் தடுமாறியதன் விளைவு. அதை ஆராய்ந்து பயனில்லை. வார்னிங் வகைச் செய்திகள் 'கட் ஹியர்' என்ற கோட்டோடு தொடங்கும். அங்கிருந்து 'எண்ட் ட்ரேஸ்' வரை முழுதாக எடுங்கள்.

முதலில், கெர்னலின் நிலையைச் சொல்லும் டெயிண்ட் எழுத்துகள். 'நாட் டெயின்டட்' என்றிருந்தால் சுத்தமான கெர்னல். பி என்றால் மூடிய உரிமம் உள்ள மாட்யூல் ஏறியிருக்கிறது, ஓ என்றால் கெர்னல் மூலத்தில் இல்லாத வெளி மாட்யூல், எஃப் என்றால் கட்டாயப்படுத்தி ஏற்றியது, டபிள்யூ என்றால் முன்பே ஒரு வார்னிங், டி என்றால் முன்பே ஓர் ஆப்ஸ், எம் என்றால் பிராசஸரே ஹார்ட்வேர் பிழை சொல்லியிருக்கிறது. எம் இருந்தால் கான்ஃபிக்கை மூடிவைத்துவிட்டு ஹார்ட்வேரைப் பாருங்கள்.

பி, ஓ இருந்தால் அந்த மாட்யூல் இல்லாமல் ஒருமுறை பூட் செய்து, அப்போதும் கவிழ்கிறதா பாருங்கள். வெளி மாட்யூல்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் வழியாக வரும் கிராஃபிக்ஸ் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் எல்லாம் இந்த வகை. இசட்எஃப்எஸ் மூலத்தில் மெட்டா என்ற கோப்பில் எந்தக் கெர்னல் பதிப்புவரை ஆதரவு என்று 'லினக்ஸ்-மேக்சிமம்' வரி சொல்லும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வரும் பிராசஸர்களில் 'மிஸ்ஸிங் எண்ட்பிஆர்' என்று கவிழ்ந்தால், கெர்னலில் ஐபிடி (தவறான இடத்துக்குத் தாவுவதைத் தடுக்கும்) பாதுகாப்பு ஆன். வெளி மாட்யூலில் அதற்கான குறி இல்லை. 'ஐபிடி=ஆஃப்' கொடுத்து உறுதிசெய்யலாம். உறுதியானதும் மாட்யூலின் புதிய பதிப்பைத் தேடுங்கள். பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்துவைப்பது சரியில்லை.

அடுத்தது முகவரி. 'நல் பாயிண்டர் டிரெஃபரன்ஸ்' செய்தியில் முகவரி முழுப் பூஜ்யமாக இல்லாமல் கடைசியில் 18 என்று இருந்தால், ஒரு ஸ்ட்ரக்டின் பாயிண்டர் காலியாக இருக்க, அதன் 24-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டிருக்கிறது என்று பொருள்; எண்கள் ஹெக்ஸில் இருக்கும். 6பி6பி6பி6பி என்று திரும்பத் திரும்ப வந்தால் விடுவித்த நினைவகத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. ஸ்லப் டீபக்கில் பாய்சன் ஆன் ஆகியிருந்தால் மட்டுமே இந்த அடையாளம் கிடைக்கும். டி-இ-ஏ-டி என்ற எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என முடிந்தால் பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கிய ஒன்றை மீண்டும் நீக்கப் பார்த்திருக்கிறது. இவையெல்லாம் கெர்னல் எழுதியவர்கள் நமக்காகவே விட்டுவைத்த தடயங்கள்.

நான்கு எஃப்பில் தொடங்க வேண்டிய முகவரியில் மூன்றாவது எழுத்து மட்டும் பி என்று இருக்கிறதா? எஃப்புக்கும் பிக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். சாஃப்ட்வேர் பிழை இப்படி ஒற்றைப் பிட்டைப் புரட்டுவது அரிது, ரேமைச் சோதியுங்கள்.

'இன்வேலிட் ஆப்கோட்' வந்தால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். 'கெர்னல் பக் அட்' என்று கோப்பும் வரி எண்ணும் இருந்தால், கெர்னல் தானே வேண்டுமென்று நின்றிருக்கிறது; நடக்கவே கூடாதது நடந்ததைக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் கெர்னலை எந்த பிராசஸருக்காகக் கட்டினீர்கள் என்று யோசியுங்கள். 6.16 பதிப்பிலிருந்து 'நேட்டிவ் சிபியு' ஆப்ஷன் கெர்னலிலேயே இருக்கிறது. புதிய டெஸ்க்டாப்பில் அதை ஆன் செய்து கட்டி, பழைய லேப்டாப்புக்கு எடுத்துப்போனால் அந்த பிராசஸருக்குத் தெரியாத கட்டளையில் முட்டி விழும்.

பிறகு, எந்தக் கட்டளையில் விழுந்தது என்று காட்டும் ஆர்ஐபி வரி. ஃபங்ஷன் பெயர், கூட்டல் குறி, தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி, சாய்கோடு, ஃபங்ஷனின் மொத்த அளவு; மாட்யூலில் இருந்தால் அதன் பெயர் சதுர அடைப்பில். இதை வரி எண்ணாக மாற்ற, மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் உள்ள ஃபேடர்2லைன் போதும். சுருக்கப்படாத கெர்னல் கோப்பான விஎம்லினக்ஸையும் ஆர்ஐபியில் இருப்பதையும் கொடுத்தால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்லும். கேஏஎஸ்எல்ஆர் என்ற பாதுகாப்பு முகவரிகளைக் கலைத்திருந்தாலும் கவலையில்லை, ஃபங்ஷன் பெயரை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. மொத்த அளவு பொருந்தவில்லை என்று சொன்னால் நீங்கள் வைத்திருக்கும் விஎம்லினக்ஸ் இந்தக் கட்டுமானத்தின் கோப்பு அல்ல. முழு லாகையும் ஒரே மூச்சில் மாற்ற டிகோட் ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. இரண்டுக்குமே டீபக் இன்ஃபோ ஆன் ஆகியிருக்க வேண்டும். கால் ட்ரேஸில் கேள்விக்குறியோடு வரும் ஃபங்ஷன்கள் ஸ்டாக்கில் எஞ்சிக் கிடந்தவையாக இருக்கலாம். அவற்றை நம்பிக் கதை கட்டாதீர்கள்.

செய்தியே இல்லாமல் உறைந்தால்

இதுதான் கடினம். கிராஃபிகல் திரையில் இருக்கும்போது பேனிக் ஆனால் எதுவும் தெரியாது, ரீபூட்டுக்குப் பிறகு ஜர்னலிலும் இருக்காது, ஏனென்றால் டிஸ்க்கில் எழுத அவகாசம் இல்லை. 6.10-இல் டிஆர்எம் பேனிக் வந்தது. ஆதரவுள்ள டிரைவர்களில் பேனிக் செய்தி திரையிலேயே வரும், 6.12 முதல் அதை க்யூஆர் குறியீடாகவும் காட்டச் செய்யலாம். இது இல்லாத இடத்தில் செய்தியை வெளியே கொண்டுவர வழிசெய்ய வேண்டும்.

மலிவான வழி பிஸ்டோர். யூஇஎஃப்ஐ கணினியில் பேனிக் செய்தியை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதிவைக்கும். ரீபூட் செய்தபின் சிஸ் டைரக்டரியின் கீழ் எஃப்எஸ், பிஸ்டோர் என்று போனால் கிடைக்கும். சிஸ்டம்டி அதை எடுத்து வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோரில் வைத்திருக்கும். படித்தபின் அழித்துவிடுங்கள், அந்த இடம் மிகச் சிறியது. சில கான்ஃபிக்கில் இஎஃப்ஐ பிஸ்டோர் கட்டப்பட்டும் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

நெட்கன்சோல் இன்னும் நம்பகமானது. கெர்னல் செய்திகளை யூடிபி வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். அனுப்பும் போர்ட் 6665, பெறும் போர்ட் 6666. வயர் இணைப்பில் செய்யுங்கள், வைஃபையை இதற்கு நம்ப வேண்டாம். பெறும் கணினி அதே நெட்வொர்க்கில் இருந்தால் அதன் மேக் முகவரி, வெளியே இருந்தால் கேட்வேயின் மேக் முகவரி கொடுங்கள். டிமெசேஜ் அளவை 8 ஆக்க மறந்தால் முக்கியமான வரிகளே போகாது. கிராஷுக்குக் காத்திருக்கும் முன், டெவ் கேமெசேஜில் ஏதாவது ஒரு வரியை எழுதி அங்கே வந்து சேர்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

கவிழ்ந்த நேரத்து முழு நினைவகமும் வேண்டுமென்றால், அதைக் கோப்பாகச் சேமிக்கும் கேடம்ப். 'கிராஷ்கெர்னல்=256எம்' என்று இடம் ஒதுக்கி, கேடம்ப் சேவையை ஆன் செய்து, சிஸ் கெர்னல் டைரக்டரியில் 'கேஎக்ஸெக் கிராஷ் லோடட்' 1 என்று காட்டுகிறதா பாருங்கள். பிறகு சிஸ்ஆர்க்யூ ட்ரிகரில் 'சி' எழுதி வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். சோதிக்காத கேடம்ப், தேவைப்படும் நாளில் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கவிழாமல் தொங்கினால் கெர்னலைப் பேனிக் ஆகச் சொல்லுங்கள். ஒரு சிபியு 20 நொடி நகராவிட்டால் 'சாஃப்ட் லாக்அப்' செய்தி வரும். ஒரு ப்ராசஸ் 120 நொடி டி நிலையில் (எழுப்ப முடியாத காத்திருப்பில்) கிடந்தால் 'ஹங் டாஸ்க்'. 'சாஃப்ட்லாக்அப் பேனிக்', 'ஹங் டாஸ்க் பேனிக்' இரண்டையும் சிஸ்கன்ட்ரோலில் 1 ஆக்கினால், தொங்கல் பேனிக்காக மாறி, மேலே அமைத்த வலையில் விழும். தூங்கி எழும்போது மட்டும் கவிழ்ந்தால் சிஸ் பவர் டைரக்டரியில் உள்ள பிஎம் டெஸ்டை ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசஸர்ஸ், கோர் என்று ஒவ்வொரு படியாக ஏற்றிச் சோதியுங்கள். டிவைசஸில் கவிழ்ந்தால் டிரைவர் மாட்யூல்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் குற்றவாளி சிக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்று

இத்தனைக்குப் பிறகும் காரணம் தெரியவில்லையென்றால் பாதிப்பாதியாக வெட்டிப் போக வேண்டும். வெட்டுவதற்கு முன் எதை வெட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். உங்கள் கெர்னலுக்கும் டிஸ்ட்ரோ கெர்னலுக்கும் மூலம், கான்ஃபிக், நீங்கள் சேர்த்த பேட்ச், கம்பைலர் என்று நான்கு வித்தியாசங்கள் இருக்கின்றன. டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை எடுத்து, ஓல்டுடெஃப்கான்ஃபிக் போட்டு, உங்கள் மூலத்தைப் பேட்ச் இல்லாமல் கட்டுங்கள். அது கவிழாமல் ஓடினால் மூலம் சுத்தம். பேட்ச்சிலோ கான்ஃபிக்கிலோ இருக்கிறது. அதுவும் கவிழ்ந்தால் கான்ஃபிக்கை மறந்துவிடுங்கள்.

கான்ஃபிக் என்று தெரிந்தால் ஸ்கிரிப்ட்ஸில் உள்ள டிஃப்கான்ஃபிக் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகக் காட்டும். வரிகள் ஆயிரத்தைத் தாண்டினால் டூல்ஸ், டெஸ்டிங், கேடெஸ்ட் டைரக்டரியில் உள்ள கான்ஃபிக்-பைசெக்ட் நல்லது. கெட்ட கான்ஃபிக், நல்ல கான்ஃபிக் இரண்டையும் கொடுத்தால், சார்புகளைக் கவனித்துப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். மூலம் என்று தெரிந்தால் கிட் பைசெக்ட்: 16,000 கமிட்டுகள் (மூலத்தில் பதிவான மாற்றங்கள்) இருந்தாலும் 14 முறை கட்டினால் போதும். கட்ட முடியாத கமிட் வந்தால் ஸ்கிப். கவிழ்வதற்கு ஒரு மணி நேரம் ஆகும் வகைப் பிழையென்றால், ஒவ்வொரு கமிட்டையும் குறைந்தது நாலைந்து மணி நேரம் ஓட்டிய பிறகே 'குட்' சொல்லுங்கள். அவசரப்பட்டு ஒரு தவறான 'குட்' சொன்னால் மிச்சப் படிகளெல்லாம் தவறான பக்கம் போகும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது.

நினைவகச் சேதம் என்று சந்தேகமா? நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேஏஎஸ்ஏஎன் ஆன் செய்து கட்டுங்கள். ஜெனரிக் வகை மொத்த ரேமில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், கணினி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மந்தமாகும். ஆனால் தவறாகத் தொட்ட இடத்தையும், அந்த நினைவகத்தை யார் ஒதுக்கினார்கள், யார் விடுவித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த வேகக் குறைவைத் தாங்க முடியாத சர்வரில் கேஃபென்ஸ்: 5.12 முதல் இருக்கிறது, மாதிரி எடுத்துச் சோதிப்பதால் சுமை மிகக் குறைவு, பிடிக்க நாள் ஆகும். டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நிற்பது) என்றால் 'ப்ரூவ் லாக்கிங்'. இவற்றில் எதை ஆன் செய்தாலும் வெளி மாட்யூல்களை மறுபடி கட்டுங்கள். காரணம் மேலே வெர்மேஜிக்கில் சொன்னதுதான்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கவிழ்கிறது, கம்பைல் செய்யும்போதே 'இண்டர்னல் கம்பைலர் எரர்: செக்மெண்டேஷன் ஃபால்ட்' வருகிறது, மறுபடி ஓட்டினால் அதே கோப்பு சரியாகப் போகிறது என்றால் கெர்னலை விடுங்கள். ஒரே மூலம், ஒரே கம்பைலர் என்றால் ஒரே விடைதான் வர வேண்டும். பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியையும் ஓவர்கிளாக்கையும் அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். 6-ஆம் பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐயிலும் பூட் ஆகும்.

கட்டும் ஒவ்வொரு கெர்னலுக்கும் விஎம்லினக்ஸ், சிஸ்டம்.மேப், கான்ஃபிக் மூன்றையும் அதன் லோக்கல் வெர்ஷன் பெயரில் ஒரு டைரக்டரியில் எடுத்துவையுங்கள். 'ஐகேகான்ஃபிக்'கை ஆன் செய்தால் கான்ஃபிக் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். 'ஐகேகான்ஃபிக் ப்ரோக்'கும் ஆன் என்றால் ஓடும்போது ப்ரோக் டைரக்டரியில் படிக்கலாம், ஓடாத இமேஜிலிருந்தும் எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக் ஸ்கிரிப்ட் வெளியே எடுத்துத் தரும். மூன்று வாரம் கழித்து '-சோதனை7' கவிழ்ந்து பிஸ்டோரில் ஓர் ஆப்ஸ் கிடைத்தால், ஃபேடர்2லைனுக்குக் கொடுக்க '-சோதனை7'இன் விஎம்லினக்ஸ் தேவைப்படும். மறுபடி கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றால், இடையில் கம்பைலர் அப்டேட் ஆகியிருக்கும். ஃபங்ஷன் அளவுகள் பொருந்தாது.